புள்ளி வைக்கும் சில்லு, சிக்கு போடும் சில்லு

"மாமா, கேம் போட்டாலே லேக் அடிக்குது. விசிறி வேற உர்ருனு கத்துது. கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று கூப்பிட்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அரையாண்டு விடுமுறை. கொரட்டூரில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் ஸ்குரு டிரைவரோடு என்னைத்தான் தேடுவார்கள். எனக்கும் அதில் ஆசைதான். மார்கழி மாதம் என்பதால் அவள் வீட்டு வாசலில் பாட்டி போட்ட சிக்குக் கோலம் பளிச்சென்று இருந்தது. மிதிக்காமல் தாண்டி உள்ளே போனேன்.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால், விசிறியைச் சுற்றிக் கம்பளி போலத் தூசி. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். விசிறிக்குக் கீழே பட்டை பட்டையாக ஓர் அலுமினியக் கட்டி இருக்கும். சில்லின் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவது அதன் வேலை. அதைத் தூக்கினேன். சில்லுக்கும் கட்டிக்கும் நடுவே தடவியிருந்த வெப்பப் பசை காய்ந்து கோந்து போல இறுகியிருந்ததால், கட்டியோடு சில்லும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. முதலில் கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பசை இளகியபின் மெல்லத் திருகி எடுத்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

ஆனால் அதனால்தான் சில்லின் அடிப்பக்கத்தைப் பார்க்கக் கிடைத்தது. நாலு சென்டிமீட்டர் சதுரம். அதில் தங்க நிறத்தில் வரிசை வரிசையாக ஊசிகள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிடத் தடிமன். "எத்தனை மாமா இருக்கும்?" என்றாள். ஏஎம்டி நிறுவனத்தின் இந்த வகைச் சில்லில் 1,331. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கி, மறுபடியும் பதினொன்றால் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். மின்சாரம் வர, நினைவகத்தோடு பேச, திரைக்குப் படம் அனுப்ப என்று ஊசிகளுக்கு வேலைகள் பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. இரண்டு ஊசிகள் வளைந்திருந்தன. மைக்ரோடிப் பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டு, காலி முனையை ஊசியில் மாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினோம். (பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இதை நீங்கள் செய்யக் கூடாது.)

புதுப் பசை வைத்துப் பூட்டியதும் விசிறியின் கத்தல் நின்றது. சூடு ஏறினால் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனாலும் கேம் திக்கித் திக்கித்தான் ஓடியது.

"சிப்பு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் மாமா?"

வாசலுக்கு அழைத்துப்போய்க் கோலத்தைக் காட்டினேன். "இந்தச் சிக்குக் கோலத்தைப் பாட்டி ஒருத்தரே போட்டாங்க. உதவிக்கு நூறு பேர் வந்தா சீக்கிரம் முடியுமா?"

யோசித்தாள். "முடியாது. அடுத்த வளைவு எந்தப் புள்ளியைச் சுத்தணும்னு பாட்டிக்குத்தான் தெரியும். நடுவுல வேற யாராவது கை வெச்சா எல்லாம் சிக்காயிடும்."

"புத்தாண்டுக்குப் பெரிய கோலத்துல கலர்ப் பொடி தூவுவீங்களே, அப்போ?"

"அதுக்கு எத்தனை பேர் வந்தாலும் நல்லது! நான் மயில், தம்பி பூவு, ஆளுக்கொரு பக்கமா உக்காந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்."

கம்ப்யூட்டருக்குள் இந்த இரண்டு வகை வேலைகளும் இருக்கின்றன. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தெரியும் என்கிற வேலை பாட்டியின் சிக்கு. அதைச் செய்வது நாங்கள் கழற்றிய அந்தச் சில்லு, அதாவது புராசஸர். கெட்டிக்காரத்தனமும் வேகமும் உள்ள ஒருவர், அல்லது நாலைந்து பேர் போதும். திரையில் படம் வரைவது பொடி தூவும் வேலை. சாதாரணத் திரை ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 வரிசைகள். மொத்தம் 20,73,600 புள்ளிகள். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் ஒரு நொடிக்கு 60 முறை அத்தனை புள்ளிக்கும் புது நிறம் தர வேண்டும். நொடிக்குப் பன்னிரண்டு கோடியே நாற்பத்து நாலு லட்சம் தடவை பொடி தூவ வேண்டும்! பாட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாளாகச் செய்யக்கூடியதா? அதற்காக ஒரு பெரிய கூட்டத்தையே ஒரே அட்டையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதுதான் கிராஃபிக்ஸ் கார்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற அட்டையில் 16,384 சின்னச் சின்னக் கணக்குப் போடும் பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பாட்டி அளவுக்குப் புத்திசாலி இல்லை. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

புள்ளிகளைக் கண்ணால் பார்க்க ஆசையா? செல்போன் திரையை வெள்ளையாக வைத்து, ஈரமான விரல் நுனியால் கடுகளவு தண்ணீர்த் துளி ஒன்றைத் தொட்டு வையுங்கள். துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். வெள்ளைக்குள்ளே சிவப்பு, பச்சை, நீலம் தெரியும். பார்த்ததும் துடைத்துவிடுங்கள்.

அவள் வீட்டுச் சில்லின் ஓரத்தில் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் பகுதி உண்டு. பெரிய விளையாட்டுக்கு அது போதவில்லை. அதனால் மறுநாள் அவளும் அவள் அப்பாவும் நானும் கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னத் தெருவில் கம்ப்யூட்டருக்கு வேண்டிய எல்லாச் சாமானும் கிடைக்கும். கடைக்காரர் எங்களை நிமிர்ந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "போர்டு எது சார்? இன்டெலா, ஏஎம்டியா?"

வாங்க வந்தது கார்டு, கேள்வி புராசஸரைப் பற்றி. கார்டு எந்தப் போர்டிலும் பொருந்தும். ஆனால் போர்டு எந்தக் காலத்தது, மின்சாரப் பெட்டி தாங்குமா என்று தெரிந்துகொள்ள அவருக்கு அது வேண்டும். அடுத்த கேள்வியும் வந்தது: "கார்டு என்விடியாவா, ஏஎம்டியா?" என்விடியா அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். "ஏன் மாமா எதைக் கேட்டாலும் ரெண்டே பேர் பேரைச் சொல்றாங்க? வேற யாரும் செய்ய மாட்டாங்களா?"

நல்ல கேள்வி. ரயில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சொன்னேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபேர்சைல்டு என்று ஒரு கம்பெனி இருந்தது. அதிலிருந்து வெளியேறிய ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968இல் இன்டெலைத் தொடங்கினார்கள். அதே கம்பெனியிலிருந்து வெளியேறிய ஜெர்ரி சாண்டர்ஸும் நண்பர்களும் 1969இல் ஏஎம்டியைத் தொடங்கினார்கள். 1971இல் இன்டெல் 4004 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் கால்குலேட்டருக்காகச் செய்தது. அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள். (2022இல் வந்த என்விடியா எச்100 சில்லில் 8,000 கோடி.)

1981இல் ஐபிஎம் என்ற கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெல் சில்லை எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை: அதே சில்லை இன்னொரு கம்பெனியும் செய்து தர வேண்டும். தெருவில் ஒரே ஒரு பால் கடை இருந்து, அது ஒருநாள் மூடினால் காபி கிடையாதல்லவா? அதனால் 1982இல் இன்டெல் தன் சில்லைச் செய்யும் உரிமையை ஏஎம்டிக்கும் கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சில்லுக்கு ஒரு மொழி உண்டு. "இந்த எண்ணை எடு", "அதோடு கூட்டு", "அங்கே வை" என்பது போன்ற கட்டளைகள். நாம் ஓட்டும் மென்பொருள் எல்லாம் கடைசியில் அந்தக் கட்டளைகளாகத்தான் சில்லுக்குப் போய்ச் சேரும். ஒரு மொழிக்காக எழுதிய மென்பொருள் வேறு மொழிச் சில்லில் அப்படியே ஓடாது. ஆகவே எவ்வளவு நல்ல சில்லைச் செய்தாலும், மக்களிடம் இருக்கும் மென்பொருளின் மொழி அதற்குத் தெரியாவிட்டால் வாங்க ஆளில்லை. மொழி யாருடையதோ, கடைத்தெருவின் சாவியும் அவரிடம்தான்.

386 என்ற சில்லு வந்தபோது இன்டெல் அந்த உரிமையை ஏஎம்டிக்குக் கொடுக்க மறுத்துவிட்டது. ஏஎம்டி வழக்காடியது. கூடவே அந்த மொழி புரியும் ஒரு சில்லைத் தானே செய்து 1991இல் வெளியிட்டது. இன்டெலின் 386இன் வேகம் நொடிக்கு 3.3 கோடித் துடிப்பு வரை போனது. ஏஎம்டியுடையது 4 கோடி! வெறும் எண்ணை யாரும் சொந்தப் பெயராக உரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால், 1993இல் வந்த சில்லுக்கு இன்டெல் 586 என்று பெயர் வைக்காமல் பென்டியம் என்று வைத்தது. கிரேக்க மொழியில் 'பென்டே' என்றால் ஐந்து. பென்டியம் செய்த குழுவில் முக்கியமானவர் வினோத் தாம், புனேயில் பிறந்தவர். பிறகு அவர் இன்டெலை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சின்னக் கம்பெனிக்குப் போனார். அதை ஏஎம்டி வாங்கியது. 1997இல் ஏஎம்டியின் கே6 வந்தது, பென்டியம் உட்காரும் அதே இடத்திலேயே உட்காரக்கூடிய சில்லு!

2000 மார்ச் 6ஆம் தேதி, ஒரு நொடியில் நூறு கோடி முறை துடிக்கும் சில்லை ஏஎம்டி அறிவித்தது. இரண்டே நாளில், மார்ச் 8ஆம் தேதி, இன்டெலும் அறிவித்தது. நூறு கோடியில் ஒரு பங்கு நொடி எவ்வளவு சின்னது தெரியுமா? உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 30 சென்டிமீட்டர் அளவுகோலை எடுங்கள். அந்த நேரத்தில் ஒளியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத்தான் போயிருக்கும்.

2003இல் ஏஎம்டி அந்த மொழியை 64 பிட்டுக்கு வளர்த்தது. இன்டெல் வேறொரு புது மொழியை நம்பியிருந்தது, அது பரவவில்லை. அடுத்த வருடமே இன்டெல் ஏஎம்டியின் கட்டளைகளை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் இன்டெல் கம்ப்யூட்டரில் போடும் லினக்ஸ் கோப்புகளின் பெயரில்கூட 'ஏஎம்டி64' என்று இருப்பதைப் பார்க்கலாம். மொழியைக் கடன் வாங்கிய வீடு மொழிக்கே புது இலக்கணம் எழுதியது எனக்கு மிகவும் பிடித்த கதை.

வேகத்தை ஏற்றிக்கொண்டே போக முடியவில்லை, சூடு தடுத்தது. 'தேஜஸ்' என்று நம் ஊர்ப் பெயர் வைத்து இன்டெல் செய்துகொண்டிருந்த சில்லை 2004இல் பாதியிலேயே நிறுத்தியது. "பாட்டியை இதுக்கு மேல ஓடச் சொல்ல முடியாது, இன்னொரு பாட்டியைக் கூட்டிட்டு வருவோம்" என்று இரு கம்பெனிகளும் ஒரே சில்லில் இரண்டு, நாலு என்று கோர்களை வைக்க ஆரம்பித்தன.

அப்புறம் ஏஎம்டி பின்தங்கிவிட்டது. இதுதான் முக்கியமான இடம், கவனமாகக் கேட்டுக்கொள் என்றேன். 2008 முதல் 2017 வரை, வீட்டுக்கு வாங்கும் இன்டெலின் நல்ல சில்லில் நாலு கோர்கள்தாம். ஒன்பது வருடம், அதே நாலு. நீ பிறந்து பள்ளிக்கூடம் போய் நாலாம் வகுப்பு வரும் அளவு காலம். 2017 மார்ச்சில் ஏஎம்டி, லிசா சூ என்ற பெண் பொறியாளரின் தலைமையில், எட்டுக் கோர் உள்ள ரைசன் சில்லைக் கொண்டுவந்தது. அதே வருடம் இன்டெல் ஆறு கோர் தந்தது. அடுத்த வருடம் எட்டு. ஒன்பது வருடமாக நகராத எண், எதிரே ஒருவர் வந்து நின்றதும் இரண்டே வருடத்தில் இரட்டிப்பானது.

கிராஃபிக்ஸ் கதை சின்னது. 1990களில் அந்த அட்டை செய்யும் கம்பெனிகள் ஏராளம். 3டிஎஃப்எக்ஸின் வூடூ அட்டைக்குப் பிள்ளைகள் ஏங்கினார்கள். ஜென்சன் ஹுவாங்கும் இரு நண்பர்களும் ஓர் ஓட்டல் மேசையில் உட்கார்ந்து பேசி 1993இல் தொடங்கிய என்விடியா, 2000 முடிவதற்குள் அந்த 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்கிக்கொள்ள முன்வந்தது. கனடாவின் ஏடிஐயை 2006இல் ஏஎம்டி வாங்கியது. மிஞ்சியது இரண்டு பெரிய பெயர்கள். இப்போது இன்டெலும் அட்டை செய்து மூன்றாவதாக நுழைந்திருக்கிறது. பொடி தூவும் கூட்டத்தைக் கொண்டு வேறு கணக்கும் போடலாம் என்று என்விடியா கூடா என்ற வழியைத் திறந்துவிட்டது. 2012இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் மூன்று பேர், விளையாட்டுக்கான இரண்டே இரண்டு என்விடியா அட்டைகளை ஐந்தாறு நாள் ஓடவிட்டு, 12 லட்சம் படங்களைக் காட்டிப் படங்களை அடையாளம் காணக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு வெள்ளத்தின் ஒரு மதகு அங்கேதான் திறந்தது.

"ரெண்டு கம்பெனியும் பயங்கரச் சண்டை போல" என்றாள்.

சண்டைதான். ஆனால் லிசா சூவும் ஜென்சன் ஹுவாங்கும் சொந்தக்காரர்கள்; இருவரும் தைவானில் பிறந்தவர்கள். இரு கம்பெனிகளுக்கும் சொந்தச் சில்லுத் தொழிற்சாலை கிடையாது. வரைபடத்தை மட்டும் தாங்கள் வரைவார்கள். பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில்தான் சில்லாக்குவார்கள். எதிரெதிர் வீட்டார் ஒரே மில்லில் மாவு அரைப்பது போல.

பெரம்பூர் தாண்டியிருந்தது. அதற்குள் அவள், நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்த கேள்வியைக் கேட்டாள். "நம்ம ஊர்ல யாரும் செய்யலையா மாமா?"

செய்திருக்கிறார்கள், அதுவும் சென்னையிலேயே. மான்கள் உலவும் ஐஐடி வளாகத்துக்குள், கம்ப்யூட்டர் அறிவியல் துறையில், பேராசிரியர் வீ. காமகோடியின் குழு 2014இல் தொடங்கிய திட்டத்தின் பெயர் 'சக்தி'. அவர்கள் முன்னாலும் அதே மொழிச் சிக்கல் நின்றது. இன்டெல் மொழியில் பேச அனுமதி கிடைப்பது அரிது. செல்போன்கள் பேசும் ஆர்ம் மொழி பிரிட்டனில் பிறந்தது, அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்று ஒரு புது மொழியை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். அடிப்படைக் கட்டளைகள் நாற்பதுதான். திருக்குறளில் நாலு அதிகாரம் மனப்பாடம் செய்யும் அளவு! சக்தி குழு அந்த மொழியை எடுத்துக்கொண்டது.

2018இல் முதல் சில்லுகள் வந்தன. ரைஸ்கிரீக் என்று பெயர். 22 நானோமீட்டர் நுட்பத்தில் (எண் குறையக் குறையச் சில்லில் வரையும் கோடு மெல்லியதாகும்) அதைச் செய்து தந்த ஆலை எது தெரியுமா? அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள இன்டெல் ஆலை. அதே வருடம் ரிமோ என்ற இன்னொரு சில்லு, நம் நாட்டிலேயே, பஞ்சாபின் மொகாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது. 2020இல் மூஷிக்.

பெருமையோடு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 180 நானோமீட்டர் என்பது, 2000 மார்ச்சில் இரண்டு நாள் இடைவெளியில் ஓடிவந்த அந்த இரண்டு சில்லுகளையும் செய்த நுட்பம். ஆலை நுட்பத்தில் நாம் அவ்வளவு பின்னால் இருக்கிறோம். மொகாலி ஆலை 1989இல் தீ விபத்தில் எரிந்து, மறுபடி எழ வேண்டியிருந்தது என்பதும் உண்மை. மற்றவர்கள் ஓடிய வருடங்களில் நாம் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் எல்லா வேலைக்கும் மெல்லிய கோடு வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் ஐஐடியும் இஸ்ரோவும் சேர்ந்து ஐரிஸ் என்ற சில்லை அறிவித்தன. சக்தியின் வழி வந்தது, விண்வெளி வேலைக்கானது. அங்கே விளையாட்டு ஓட வேண்டாம். பழுதாகாமல் நின்றால் போதும். வரைந்தது சென்னை, செய்தது மொகாலி, உறை போட்டது கர்நாடகம், பலகை குஜராத்தில், அதில் சில்லைப் பொருத்தியது சென்னைக் கம்பெனி ஒன்று. கடைசியில் ஐஐடியிலேயே அதற்கு உயிர் கொடுத்துப் பார்த்தார்கள், ஓடியது.

"அந்தச் சக்தியில என் கேம் ஓடுமா?"

ஓடாது. இப்போதைக்கு ஓடாது. அதை மறைக்காமல் சொன்னேன். ஆனால் நாங்கள் மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்த என்விடியா அட்டையைப் பற்றி ஒரு சேதி: அதன் உள்ளே, வேலையை மேய்க்கும் சின்னச் சின்னப் பகுதிகளுக்கு என்விடியாவும் இப்போது ரிஸ்க்-ஃபைவ் மொழியைத்தான் பயன்படுத்துகிறது. சக்தி பேசும் அதே மொழி.

வில்லிவாக்கம் போய்விட்டது. அடுத்தது கொரட்டூர். இறங்குவதற்காக எழுந்தபடியே அவள் கேட்டாள்: "அந்த நாப்பது கட்டளையும் எங்க மாமா கிடைக்கும்?"

உங்களுக்கும் அதே பதில்தான். அந்த நாற்பது கட்டளைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சக்தி சில்லின் வரைபடக் குறியீடும் அங்கேயே திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், அதிலிருந்து புதுச் சில்லு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வயது வரம்பும் இல்லை. முதலில் கூட்டல் கட்டளையைத் தேடிப் பாருங்கள். அதன் பெயர் மூன்றே எழுத்து: ஏ, டி, டி.